அத்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்

எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பஞ்சமே கிடையாது. வாரத்துக்கு நாலைந்தாவது நடக்கும், எல்லாம் காகிதத்தில். மதுரை தெற்குவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில் அப்பா அச்சகம் வைத்திருந்தார். வாசல் பக்கம் அச்சகம், உள்பக்கம் நாங்கள். சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தோடு மையும் சேர்ந்து மணக்கும். சௌராஷ்டிரர் வீட்டுக் கல்யாணம், பாய் வீட்டு நிக்காஹ், கிராமத்துக் காதுகுத்து எதுவானாலும் எங்கள் சந்துக்குள் நுழைந்துதான் ஊருக்குள் போகும் என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார். பக்கத்துச் சந்தில் இன்னும் இரண்டு அச்சகங்கள் இருந்ததை மட்டும் சொல்லமாட்டார்.

கல்யாணப் பத்திரிகையில் அப்பாவுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மணமக்கள் பெயருக்குப் பின்னால் வருகிற படிப்பு. பி.ஏ. என்று யாராவது எழுதிக்கொடுத்தால் அந்த ஈய எழுத்துகளைத் தனியாகத் துடைத்துவிட்டுக் கோப்பார். எம்.ஏ., பி.எட். என்றால் வந்தவர்களுக்குக் காபி உண்டு. படிப்பு ஒன்றும் இல்லை என்றால் அவருக்கு மனசு கேட்காது. டைப்ரைட்டிங் லோயராவது பாஸா, ஐ.டி.ஐ. பக்கம் போனதுண்டா என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். ஒருமுறை, மாப்பிள்ளை டிரைவிங் லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் அதைப் போட்டுவிடலாமா என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டார் கோபித்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போனார்கள்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் அவருடைய சொந்தக் கல்யாணம். அம்மா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அப்பா எட்டோடு நின்றவர். பத்திரிகையில் அம்மா பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. ஜம்மென்று உட்கார்ந்திருக்க, அப்பா பெயருக்குப் பின்னால் வெறும் வெள்ளைத்தாள்தான் இருந்தது. அதைப் பார்த்து மண்டபத்தில் யாரோ சிரித்தார்களாம். யாரென்று அப்பா சொன்னதும் இல்லை, மறந்ததும் இல்லை.

அப்பாவுக்கு ஒரே தங்கை, என் அத்தை. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவள். தாத்தா சீக்கிரமே போய்ச்சேர்ந்துவிட்டதால் அவளை வளர்த்து ஆளாக்கியது அப்பாதான். தங்கச்சி பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. போடாமல் பத்திரிகை அடிக்கமாட்டேன், பத்திரிகை அடிக்காமல் கல்யாணம் பண்ணமாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். அத்தையோ மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ், கணக்கில் மட்டும் ஃபெயில். முதல் தடவை டைபாய்டில் படுத்து எழுந்து நேரே பரீட்சை ஹாலுக்குப் போனவள், அதனால் யாரும் குற்றம் சொல்லவில்லை. மறுபடி எழுதியபோது முப்பத்துநாலு. முப்பத்தைந்து வந்தால் பாஸ். ஒற்றை மார்க்கில் நழுவிப்போன எஸ்.எஸ்.எல்.சி.யை நினைத்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை காத்திருந்த வண்டியூர் இரும்புக்கடைக்காரர் வீடு வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டது. அந்தப் பத்திரிகையையும் எங்களிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கோத்தார். பெண் பி.காம்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் பேரையூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரைஸ் மில், டிராக்டர், காடு கரை எல்லாம் உண்டு. மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை, கேசரிக்கு மட்டும் திறந்தார். அத்தை காபி கொடுத்தாள், கும்பிட்டாள், உள்ளே போனாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள், மாப்பிள்ளையை. பிடித்திருக்கிறது என்று அவர் தலையாட்டினார். அத்தையை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்குப் பட்டுப் பாவாடை தாவணி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். செப்டம்பர் பரீட்சையில் அத்தை பாஸானால் தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

சொல்லித்தர ஆள் வேண்டுமே. தெருமுனை டியூஷன் வாத்தியார் கல்யாணமாகாத பையன், அதனால் அவர் வேண்டாம். அம்மாவோ, பாஸான அன்றைக்கே எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று கையை விரித்துவிட்டாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“நீயும் ஒம்போதாப்பு வந்துட்ட. காரணிப்படுத்துறது ஒனக்கும் இருக்கு, அவளுக்கும் இருக்கு. பள்ளிக்கூடத்துல சொல்றத சாயங்காலம் வந்து அப்படியே அத்தைகிட்ட எறக்கி வச்சிரு. அம்புட்டுத்தான்.”

எனக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே. மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் அத்தை கல்யாணமே என் கையில்தான் இருக்கிறது, நான் பாஸ் பண்ணவைத்தால்தான் மேளம் கொட்டும் என்று. ஒரே ஒரு சிக்கல்தான். இறக்கி வைக்க என்னிடம் சரக்கு இல்லை.

எங்கள் கணக்கு டீச்சர் கரும்பலகையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். அதன் மேலே ஒரு எண், பெருக்கினால் அது வரவேண்டும். கீழே ஒரு எண், கூட்டினால் அது வரவேண்டும். இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி இரண்டு எண்களைக் கண்டுபிடித்து இடமும் வலமும் எழுதவேண்டும். எழுதிவிட்டால் இருபடிக் கோவை இரண்டு அடைப்புக்குறியாக உடைந்துவிடும். அந்த இரண்டு எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், “யோசி, வரும்” என்பார். எனக்கு வந்ததெல்லாம் கொட்டாவிதான்.

அத்தை சாயங்காலங்களில் பத்திரிகை மடித்து, மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருப்பாள். அச்சில் கெட்டுப்போன பத்திரிகைகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். அவற்றின் பின்பக்கம்தான் எங்கள் சிலேட்டு. முன்பக்கம் யாரோ இருவருக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்க, பின்பக்கம் நான் அதிகாரமாக x² + 7x + 12 என்று எழுதினேன். பெருக்கல் குறி போட்டேன். மேலே பன்னிரண்டு, கீழே ஏழு. அதற்கு மேல் என் கை நகரவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டு, “யோசிங்க, வரும்” என்றேன்.

அத்தை மஞ்சள் கையோடு எட்டிப் பார்த்தாள்.

“ஆறும் ரெண்டும் போடவா டீச்சர்? பெருக்குனா பன்னெண்டு சரியா வருது. கூட்டுனா எட்டுல போயி நிக்கிதே. சரி, பன்னெண்டும் ஒண்ணும் போட்டா? ஐயையோ, பதிமூணு. இன்னும் தூரமாப் போயிருச்சு. ரெண்டு நம்பரும் விலகிப் போகப் போகக் கூட்டுத்தொக ஏறுது போல. அப்ப கிட்டக்கிட்ட வந்தா கொறையுமோ என்னமோ. எனக்கென்ன தெரியும், நீதான் சொல்லணும்.”

கிட்டக்கிட்ட. நான் பன்னிரண்டை வாய்க்குள் உருட்டினேன். மூன்று, நான்கு. பெருக்கினால் பன்னிரண்டு. கூட்டினால் ஏழு! கத்தியே விட்டேன். மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அப்பா, கை கிய் மாட்டிக்கொண்டதோ என்று உள்ளே ஓடிவந்தார். (x + 3)(x + 4) என்று எழுதி, அதைத் திரும்பப் பெருக்கிப் பார்த்தேன். பழைய கோவையே முழுசாகத் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? அதுவரை கணக்கு என்றால் யாரோ சொல்வதை எழுதுவது. முதல் தடவையாக, யாரும் சொல்லாமலே, இது சரிதான் என்று எனக்கே தெரிந்தது. தலைகால் புரியாமல், “இம்புட்டுத்தான் அத்தே, இதுக்குப் போயி முழிக்கிற” என்று அவளையே அதட்டினேன். அத்தை பணிவாகத் தலையாட்டினாள்.

அப்புறம் தினமும் இதே கூத்துதான். கழித்தல் குறி வந்தால் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருக்கும். அத்தையும் சொல்லிவைத்தாற்போல் அங்கேதான் தடுமாறுவாள். இரண்டு எண்களுக்கும் குறியை மாற்றிப் போட்டுவிட்டு, “கூட்டிப் பாக்கட்டுமா? பாத்தா தப்பு தெரிஞ்சிரும்ல?” என்று அப்பாவி மாதிரி கேட்பாள். கூட்டிப் பார்ப்போம். தப்பு பல்லை இளிக்கும். நான் திருத்துவேன். அத்தைக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாத மண்டை, ஆனால் நல்ல மனசு என்று நான் அம்மாவிடம் போய்ச் சொல்வேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பைப் பார்ப்பாள்.

எங்கள் வகுப்பில் ஒருநாள் டீச்சர் 6x² + x − 12 என்று எழுதிவிட்டு, இதை உடைத்துக்கொண்டு வருகிறவள் புத்திசாலி என்றார். அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் பத்திரிகைகளை அப்படியே போட்டுவிட்டு அதன்மேல் விழுந்தோம். ஆறையும் பன்னிரண்டையும் பெருக்கினால் எழுபத்திரண்டு. பெருக்கும்போது அது கழித்தலாக வரவேண்டும், கூட்டும்போது மிஞ்சுவது ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். நான் முப்பத்தாறில் தொடங்கி அலைந்துகொண்டிருந்தேன். அத்தை தன்பாட்டுக்கு மடித்தபடியே, எட்டும் ஒன்பதும் வாய்ப்பாட்டில் பக்கத்துப் பக்கத்து வீடுதானே என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டாள். ஒன்பதைக் கூட்டி எட்டைக் கழித்தால் ஒன்று! மறுநாள் கரும்பலகையில் போய் (2x + 3)(3x − 4) என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை டீச்சர், நான்தான் எங்கள் அத்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பஸ் நம்பர், வீட்டு நம்பர், கல்யாணத் தேதி, கண்ணில் படுகிற எண்ணையெல்லாம் உடைத்தேன். உடைபடாத எண் வந்தால் அதன்மேல் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிற மாமா, “மருமகளே, என் செருப்பு ஏழாம் நம்பரு, ஒடைச்சுப்புடாத” என்று கேலி செய்வார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு, சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தார். மாப்ளகிட்ட படிப்பு இருக்கு, பொழப்புத்தான் இல்ல என்று அப்பா அவர் காதுபடவே சொல்வார். அவர் வருவது ப்ரூஃப் பார்க்க. அச்சுக்குப் போகுமுன் ஒரு தாளில் எடுத்துத் தப்புப் பார்ப்பதுதான் ப்ரூஃப். ஒருவர் வீட்டார் எழுதிக்கொடுத்ததை உரக்க வாசிக்க, இன்னொருவர் தாளில் விரல் வைத்து ஒத்துப்பார்க்க வேண்டும். மாமா வாசிப்பார், அத்தை ஒத்துப்பார்ப்பாள். “நிகழும் மங்களகரமான” என்பார் மாமா. “ம்” என்பாள் அத்தை. “திருநிறைச்செல்வன்” என்பார். “ம்”. “திருநிறைச்செல்வி” என்பார். “ம்”. அப்பா எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு தப்புகூட இல்லாமல் வேலை நடக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போல் சலிப்பானது உலகத்திலேயே இல்லை. வாராவாரம் ஒரே மாதிரிப் பத்திரிகையை மாற்றி மாற்றி வாசிப்பதில் இவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று நினைப்பேன்.

செப்டம்பர் பரீட்சை வந்தது. நான் அத்தைக்குத் திருநீறு பூசி அனுப்பினேன். திரும்பி வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். காரணிப்படுத்துதலில் மூன்று கேள்வி, மூன்றும் நாங்கள் போட்டுப் பார்த்த மாதிரியே. எல்லாம் எழுதினாயா என்று கேட்டேன். எழுதினேன் என்றாள். பட்டுத் தாவணிக்கு மயில் கழுத்துக் கலரா, அரக்கா என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மார்க் ஷீட் வந்தது. முப்பத்துமூன்று.

நான் அழுத அழுகையைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. ஃபெயிலானது அத்தையா நானா என்று வந்தவர்களுக்குக் குழப்பம். வகுப்பில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது? அத்தைதான் என் முகத்தைத் துடைத்துவிட்டு, எனக்குப் பிடித்த பால்பணியாரம் செய்து ஊட்டினாள். தன் கல்யாணம் ஆட்டம் கண்டிருக்கும்போது இன்னொருத்திக்கு ஊட்டிவிடுகிறாளே, எவ்வளவு பெரிய மனசு என்று தின்றுகொண்டே அழுதேன்.

அந்த வாரத்திலேயே பேரையூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா சுற்றி வளைக்கவில்லை. எங்கள் மில்லில் கணக்குப் போட்டா நெல் அவிக்கப்போகிறோம், எங்களுக்குப் பெண் போதும், தைக்கு மேல் தள்ள முடியாது என்றார்.

“பத்திரிக்கையில வெறும் பேர மட்டும் போடுங்க தம்பி. எங்க பக்கம் அதுவே பெரிசு. இன்னைக்கே சரின்னு சொன்னா கையோட வெத்தல பாக்கு மாத்திட்டுப் போயிருவோம்.”

அப்பா விரலில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்படித் தேய்த்தால் அவர் இறங்கி வருகிறார் என்று எங்களுக்குத் தெரியும். தங்கச்சிக்கு வயது ஏறுகிறது, இதைவிட நல்ல இடம் எங்கே வரும், நாலு எழுத்துக்காக எத்தனை நாள்தான் பிடிவாதம் பிடிப்பது என்று அவருக்கும் இருந்திருக்கும். அத்தை உள்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அவள் பக்கத்தில். அப்பா நிமிர்ந்து, “சரி, அப்ப...” என்று தொடங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறும் பேரா? நாலு மாதம் நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீணா? இப்படியே கல்யாணம் நடந்துவிட்டால், நான் சொல்லிக்கொடுத்து அத்தை பாஸாகவில்லை என்பதே நிலைத்துப் போய்விடாதா? பெரியவர்கள் பேசும் இடம் என்றுகூடப் பார்க்காமல் நடுக்கூடத்தில் போய் நின்றேன்.

“சரியாவது ஒண்ணாவது. ரெண்டு மார்க்குதானப்பா. ஏப்ரல்ல நான் பாஸ் பண்ண வச்சுக் காட்டுறேன். எங்கத்த பேரு மட்டும் மொட்டையா வரக்கூடாது.”

மொட்டை என்ற சொல் அப்பாவை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். மை தேய்ப்பதை நிறுத்தினார். பிள்ளை சொல்வதும் நியாயம்தான், இவ்வளவு நாள் பொறுத்ததற்கு ஏப்ரல் வரை பொறுத்தால் என்ன என்று வந்தவர்களைக் கேட்டார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அவர்கள் சந்து முனை திரும்பியதும் அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள். பெரியவர்கள் பேச்சில் வாய் வைப்பாயா என்று கேட்டுக் கேட்டுத் திருகினாள். திருகின கையில் பலமே இல்லை.

தை பிறந்ததும் மாமாவுக்கு வேலை ஆர்டர் வந்தது, திருமங்கலம் தாலுகா ஆபீஸில். அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்றார். அம்மா இரண்டு நாள் ஆறப்போட்டு, மூன்றாம் நாள் அப்பாவுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்து, சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டாள். என் தம்பிக்கு ஒங்க தங்கச்சியக் குடுங்களேன். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொழப்பும் வந்துவிட்டது, பி.ஏ.வும் இருக்கிறது, முறையும் இருக்கிறது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான் என்றார். சொல்லப்போனால் இப்போதுதான் ரொம்ப முக்கியம். ஒரு பக்கம் பி.ஏ., ஒரு பக்கம் மொட்டை என்றால் ஊர் சிரிக்கும்.

மறுபடியும் நான் டீச்சர். இந்தத் தடவை விடுவதாக இல்லை. முன்னாலெல்லாம் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக்கொடுத்ததால்தான் கெட்டுப்போனாள் என்று கையில் ஸ்கேலோடு உட்கார்ந்தேன். அத்தை கிடுகிடுவென்று போட்டாள். நான் பெருக்கல் குறி போடுமுன் அவள் விடையைச் சொன்னாள். ஸ்கேலின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் எழுதினாள். மார்க் ஷீட் வந்தபோது அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். தொண்ணூற்றேழு.

அன்று அப்பாவைப் பிடிக்கவே முடியவில்லை. சந்து முழுக்க மிட்டாய். பக்கத்துச் சந்து அச்சகங்களுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பத்திரிகைக்கு எழுத்துக் கோக்க உட்கார்ந்தவர், வெறும் எஸ்.எஸ்.எல்.சி. என்று போட்டால் யாருக்கும் அருமை தெரியாது, பக்கத்தில் கணிதம் 97 என்றும் போட்டுவிடலாம் என்றார். போட்டே விட்டார். ப்ரூஃபை வாசித்த மாமா அந்த இடம் வந்ததும் விக்கித்து நின்றார். அத்தை “ம்” போடாமல் உள்ளே ஓடினாள். நீங்க இப்படி அடிச்சா நான் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று அம்மா சொன்னபிறகுதான் அப்பா அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக, மனசே இல்லாமல் எடுத்தார்.

ஆவணியில் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். எனக்கு மயில் கழுத்துக் கலரில் பட்டுத் தாவணி. வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா என்னை இழுத்துப்போய், “இந்தப் புள்ளதான் எந்தங்கச்சிக்குக் கணக்கு டீச்சர்” என்று அறிமுகப்படுத்தினார். நான் கூச்சப்படுவதுபோல நின்று முழுப் புகழையும் வாங்கிக்கொண்டேன். மேடையேறி மாமாவிடமும் சொன்னேன். அத்தையை இந்த நிலைமைக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது மாமா, நடுவில் விட்டுவிடாமல் அப்பப்ப கணக்குக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மறந்துவிடுவாள் என்றேன். மாமா மாலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. அத்தை குனிந்த தலை நிமிராமல் குலுங்கினாள். பின்னால் நின்ற அம்மாவும். கல்யாணச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் சிரிப்பு கூடுதலாக வருகிறது என்று நினைத்தேன்.

நான் கல்லூரி முடித்த வருஷம் எனக்கும் ஜாதகம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு இடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது ஒருநாள் திருமங்கலத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அந்தப் பையனை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றேன். அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

“நான் ஒன்னத்தான கேட்டேன். என்னைய ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா வாயத் தொறந்து சொல்லிருப்பேனான்னு தெரியாது, ஆனா கேக்கல. பரீட்சையில மட்டுந்தான் எங்கிட்ட கேள்வி கேட்டாங்க. அதுலதான் நான் வேணாம்னு எழுதிட்டு வந்தேன்.”

எனக்கு உடனே புரியவில்லை. அவளே சொன்னாள், சிரித்துக்கொண்டே. முதல் தடவை நிஜமாகவே ஃபெயில். அப்போது படிப்பு முடியட்டும் என்று ஒரு வரன் தானாகத் தள்ளிப்போனது. அப்புறம்தான் யோசனை வந்தது. அதிலிருந்து உட்கார்ந்து படித்தாள், சரியாக ஃபெயிலாவதற்காக.

“பாஸாகுறது ஈஸிடி. முப்பத்துநாலு வாங்குறதுதான் கஷ்டம். பத்து பதினஞ்சு வாங்குனா, இது தேறாதுன்னு எங்கண்ணே வெறுத்துப்போயி, எழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு கட்டிக் குடுத்துரும். பாஸாயிட்டா மறுநாளே பத்திரிக்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும். எந்தக் கணக்குக்கு எம்புட்டு மார்க்கு, எந்த எடத்துல தப்பு விட்டா எம்புட்டு கொறைப்பாங்கன்னு எல்லாம் பாத்து எழுதணும். ஒங்க மாமாவுக்கு ஆர்டர் வாரவரைக்கும் வண்டி ஓடணும்ல.”

அப்படியானால் நான் சொல்லிக்கொடுத்தது? நான் கேட்குமுன் அவளே என் முகத்தைப் படித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் நீ எங்கே முழித்துவிட்டு வருகிறாயோ அங்கேயே நானும் முழிப்பேன், வேறென்ன செய்ய, நீ திருத்துவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும் என்றாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. இத்தனை வருஷமாக இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். காலேஜ் இன்டர்வியூவில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

“ஆனா ஒண்ணு சொல்றேன்” என்றாள் அத்தை. இப்போது சிரிக்கவில்லை. “பேரையூர்க்காரங்க வந்தன்னைக்கு எல்லாம் முடிஞ்சதுன்னுதான் நெனச்சேன். எங்கண்ணே வாயில சரி வந்துருச்சு. மதினிக்கும் நாக்கு ஒட்டிக்கிருச்சு. அந்த நேரம் நீ வந்து கத்துன பாரு. என் வாழ்க்கைய நான் ஒண்ணும் காப்பாத்திக்கிறலடி. நீதான்.”

அந்தப் பையன் எனக்கு வேண்டாம் என்று அன்று ராத்திரியே அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார்.

பேரையூர்க்காரர்கள் எழுந்து போன அந்தச் சாயங்காலம் அத்தை என்னை உள்ளே இழுத்துப்போய்க் கட்டிக்கொண்டது எனக்கு இன்றும் உடம்பில் இருக்கிறது. எலும்பு நொறுங்குவதுபோல் பிடித்தாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது என் காதுக்குள் கேட்டது. தோளெல்லாம் கண்ணீர். நல்ல மாப்பிள்ளை கை நழுவிப்போன துக்கம் என்று நினைத்தேன். என் வாய்த் துடுக்கால் வந்த வினை அல்லவா, நான்தானே சரிசெய்ய வேண்டும். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, அழாதே அத்தே, நீ ஏப்ரலில் மட்டும் பாஸாகிக் காட்டு, அந்தப் பேரையூர் மாப்பிள்ளையே உன்னைத் தேடித் திரும்பி வருவார் என்று ஆறுதல் சொன்னேன். அத்தை என்னை இன்னும் இறுக்கிக்கொண்டு விம்மினாள். பாவம், அந்த மாப்பிள்ளை மேல் இவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.